அவரு ஊர்ல அவருதான் ஃபாரினர், நான் சார்க்

2023 ஆகஸ்ட்ல நானும் எங்க வீட்டுக்காரரும் அவரோட ஊருக்கு போயிட்டு வந்தோம், யாழ்ப்பாணம், சுன்னாகம் பக்கம். இவர் 1995 போர் இடப்பெயர்வுல பதினோரு வயசுல ஊரை விட்டு கிளம்பினவர், வன்னி, கொழும்பு, அப்புறம் டொரண்டோ (இவர் ரொறன்ரோன்னுதான் எழுதுவார், அந்த சண்டை எங்க வீட்ல தனி). நான் திருநெல்வேலி, பாளையங்கோட்டை. கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகியும் அதுவரைக்கும் மாமியார் ஊர்னு ஒண்ணை நான் பாத்ததே இல்ல. போறவங்களுக்கு உபயோகமா இருக்கும்னு எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

முதல்ல விசா. ஆன்லைன்ல ஈடிஏ (கிளம்பறதுக்கு முன்னாடி வாங்கற பயண அனுமதி) போடணும், ரெண்டு பேருக்கும் நானே உக்காந்து போட்டேன். நான் இன்னும் இந்தியன் பாஸ்போர்ட்தான் வச்சிருக்கேன், கனடால பிஆர் மட்டும். சார்க் (இந்தியா, இலங்கை எல்லாம் சேர்ந்த தெற்காசிய கூட்டமைப்பு) நாட்டு பாஸ்போர்ட்ங்கறதால எனக்கு அப்ப 20 டாலர். இவரு கனடா பாஸ்போர்ட், 50 டாலர். அங்கேயே பொறந்தவருக்கு 50, பக்கத்து நாட்டு மருமகளுக்கு 20. அப்பவே இவருக்கு முகம் சுருங்கிடுச்சு, இது ஆரம்பம்தான்னு எனக்கும் தெரியல.

கட்டுநாயக்கா ஏர்போர்ட்ல இமிக்ரேஷன்ல இருந்த பொண்ணு இவர் பாஸ்போர்ட்ல பொறந்த ஊரை பாத்துட்டு சிரிச்சுக்கிட்டே சிங்களத்துல என்னமோ கேட்டுச்சு, இவருக்கு ஒரு வார்த்தை புரியல, இங்கிலீஷ்ல சாரி சாரிங்கறார். எனக்கு ஒரு கேள்வியும் இல்ல, ஸ்டாம்ப் அடிச்சு போன்னு விட்டாங்க. சிம் கார்டு வெளிய வந்ததும் பாஸ்போர்ட்டை காட்டி பத்து நிமிஷத்துல வாங்கியாச்சு. காசு அங்கேயே கொஞ்சம் மாத்திக்கோங்க, யாழ்ப்பாணத்துல சின்ன கடைங்கள்ல கார்டு எல்லாம் எடுக்க மாட்டாங்க.

ட்ரெயின்ல போகத்தான் ஆசைப்பட்டோம், யாழ்தேவில. நாங்க தேடினப்போ ஏசி சீட் எல்லாம் போயிடுச்சு, முன்னாடியே போட்டு வைங்க. அதனால கொழும்பு வெள்ளவத்தைல இருந்து கிளம்புற நைட் பஸ். பேர் சொல்லல, ஆனா அந்த பஸ்காரங்க போன்ல சொன்ன சீட் ஒண்ணு, குடுத்தது ஒண்ணு. எங்க சீட்ல ஏற்கனவே ரெண்டு பேர் போர்வையை மூடி தூங்கறாங்க. எங்களுக்கு கடைசிக்கு முந்தின வரிசை, என் சீட் பின்னாடி சாயல, இவர் சீட் சாஞ்சது நிமிரல. கண்டக்டர் தம்பிகிட்ட கேட்டா "அண்ணை, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்கோ, விடிய இறங்கிடுவியள்தானே"ங்கறான். ஏசி வேற ஐஸ் பெட்டி மாதிரி. சால்வை இல்லாம இந்த பஸ்ல ஏறாதீங்க. பெட்டிக்கு தனியா காசு கேட்டாங்க, அதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்.

யாழ்ப்பாணத்துல இறங்கினதும் ஓட்டோ பிடிச்சோம் (அங்க ஆட்டோ இல்ல, ஓட்டோ). என் பேச்சை கேட்டதும் டிரைவர் அண்ணன் "நீங்கள் எவ்விடம் தங்கச்சி"ன்னார். திருநெல்வேலின்னேன். "அட, தின்னவேலியோ? கம்பஸடியா, சந்தைப் பக்கமா?"ன்னு கேட்டாரு பாருங்க. யாழ்ப்பாணத்துக்குள்ளேயே ஒரு திருநெல்வேலி இருக்கு, யூனிவர்சிட்டி அங்கதான் இருக்கு, இதை ஒன்பது வருஷத்துல இவர் எனக்கு சொன்னதே இல்ல. இல்லண்ணா, இந்தியா திருநெல்வேலின்னதும் அவருக்கு ஒரே சந்தோஷம், வீடு வர்ற வரைக்கும் அல்வாவை பத்தி விசாரிச்சார். சொந்த ஊருக்கு இருபத்தெட்டு வருஷம் கழிச்சு வந்தவரு பின்னாடி பேசாம உக்காந்திருக்கார்.

சாப்பாட்டு கடை ஒண்ணு சொல்லணும். டீ குடிக்கலாம்னு ஒரு கடைல உக்காந்தோம், நாங்க எதுவும் கேக்காமலே ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், வடை, ஏதோ பன்னுன்னு பத்து பன்னெண்டு அயிட்டம் கொண்டு வந்து வச்சுட்டு போயிட்டாங்க. எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு, இவ்வளவையும் ஆர்டர் பண்ணிட்டீங்களான்னு இவரை திட்டறேன், இவருக்கும் ஞாபகம் இல்ல, வேஸ்ட் ஆகக்கூடாதேன்னு மூச்சு முட்ட அஞ்சு ரோல்ஸ் தின்னுட்டோம். கடைசில பாத்தா சாப்பிட்டதை மட்டும் எண்ணி பில் போடுவாங்களாம், மிச்சம் அப்படியே அடுத்த மேசைக்கு போகுது! சுகாதாரம் எப்படின்னு யோசிக்காம இருந்தா நல்ல முறைதான். டீயை தேத்தண்ணின்னு கேளுங்க. அப்புறம், "உங்க தம்பிகிட்ட பேசினேன்"னு நான் சொல்ல இவரோட பெரிய மாமி "ஏன் பிள்ளை, அவன் என்ன செய்தவன்?"னு பதறிட்டாங்க. அங்க பேசறதுன்னா திட்றது. கதைச்சேன்னு சொல்லணும்.

முக்கியமான வேலை இவரோட பர்த் சர்டிபிகேட். இரட்டை குடியுரிமைக்கு போடலாம்னு ஒரு எண்ணம், அதுக்கு வேணும். பிரதேச செயலகம்னு சொல்ற ஆபீஸ்ல போய் கேட்டோம். எங்க ஊர் தாலுகா ஆபீஸ் மாதிரி இருக்கும்னு பயந்துதான் போனேன், உண்மையை சொல்லணும்னா ரொம்ப மரியாதையா நடத்தினாங்க, உக்கார சொன்னாங்க, லஞ்சம் கேக்கல. படிவம் தமிழ்ல. இவர் தமிழ் எழுத்து பதினோரு வயசுலயே நின்னு போச்சு, உருண்டை உருண்டையா அஞ்சாம் கிளாஸ் பையன் எழுதற மாதிரி இருக்கும், அதனால நான்தான் எழுதினேன். எழுத தெரியுது, விஷயம் தெரியல. கிளார்க் அக்கா "விதானையார் பிரிவு எது?"ன்னாங்க. நான் இவரை பாக்கறேன், இவர் சீலிங் ஃபேனை பாக்கறார். விதானைன்னா கிராம சேவகராம், எங்க ஊர் விஏஓ மாதிரி, ஒவ்வொரு பிரிவுக்கும் ஜே போட்டு ஒரு நம்பர் இருக்கு. பெரிய மாமிக்கு போன் போட்டு நம்பரை வாங்கினோம். அந்த அக்கா சிரிச்சுக்கிட்டே "தம்பி, உங்கட ஊரை அவவுக்கு நல்லா விளங்கப்படுத்துங்கோ"ன்னாங்க, தெரியாதது எனக்குன்னு நினைச்சுக்கிட்டாங்க பாவம். கையெழுத்து போடறவர் மீட்டிங் போயிட்டதால மத்தியானம் மூணு மணி வரை மரத்தடில இருந்தோம், ஆனா அன்னிக்கே கைல கிடைச்சுது. இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு தனியா சத்தியப்பிரமாணம் எடுத்த மொழிபெயர்ப்பாளர்கிட்ட செய்யணும், அதுக்கு ரெண்டு நாள் விட்டு வைங்க.

எனக்கு நடுவுல காது வலி வந்துடுச்சு. கவர்மெண்ட் ஆஸ்பத்திரி ஊர்க்காரங்களுக்கு இலவசம்தான், ஆனா பெரிய மாமி விடல, "ஸ்பெஷலிஸ்ட்டை சனல் பண்ணுவம்"னாங்க. சனல் பண்றதுன்னா பிரைவேட் ஆஸ்பத்திரில டாக்டர் பேருக்கு நம்பர் எடுக்கறது. டாக்டர்ங்க பகல்ல கவர்மெண்ட் டியூட்டி, சாயங்காலம் இங்க. என் நம்பர் 34. அஞ்சு மணின்னு போட்டிருந்தது, அவர் வந்தது ஆறே முக்கால், என்னை பாத்தது நாலு நிமிஷம், ஆனா சரியா பாத்தார், ரெண்டே நாள்ல வலி போச்சு. மாத்திரையை குட்டி குட்டி பேப்பர் கவர்ல போட்டு மேல காலை இரவுன்னு பேனால எழுதி தந்தாங்க. டொரண்டோல ஸ்பெஷலிஸ்ட்டை பாக்க மாசக்கணக்கா காத்திருந்தவ நான், குறை சொல்ல மாட்டேன்.

நல்லூர் முருகன் கோயில் திருவிழாவுக்கு, கொடியேறி மூணாம் நாள் போனோம். கோயிலை சுத்தி ரோடெல்லாம் அடைச்சு மண் போட்டிருக்காங்க, வண்டியை தூரத்துலயே விட்டுட்டு செருப்பில்லாம நடக்கணும், ஆம்பளைங்க சட்டையை கழட்டிட்டுதான் உள்ள. இவரோட கனடா தொப்பையை நல்லூர் முருகன் அன்னிக்குதான் பாத்தார். பூஜை எல்லாம் மணி அடிச்சா அடிச்சதுதான், வாட்சை திருத்திக்கலாம், எந்த பெரிய மனுஷனுக்காகவும் காத்திருக்கறதில்ல. அர்ச்சனை சீட்டு ஒரு ரூபா. ஆமா, ஒரு ரூபாதான், டாலர் 320 ரூபா விக்கற நேரத்துல! நான் நூறு ரூபா நோட்டை எடுக்க, பெரிய மாமி கையை தட்டி விட்டுட்டு மடியில இருந்து ஒரு முடிச்சை அவிழ்த்து ரெண்டு ஒத்தை ரூபா குத்தியை (நாணயத்தை) எடுத்தாங்க. திருவிழாவுக்குன்னு வருஷம் பூரா ஒரு பால்மா டின்ல சேத்து வைப்பாங்களாம். கவுண்டர்ல பாஸ்போர்ட் யாரும் கேக்கல.

திரும்பும்போது வேன் பிடிச்சு தம்புள்ள வழியா சிகிரியா பாறைக் கோட்டையை பாத்துட்டு ஏர்போர்ட். அப்ப இன்னும் பெட்ரோல் டீசலுக்கு க்யூஆர் கோட்டா (ஒரு வண்டிக்கு வாரம் இவ்வளவுதான்னு ரேஷன்) இருந்துது, டிரைவர் அந்த க்யூஆர் கோடை லேமினேட் பண்ணி சாவி கொத்துல தொங்க விட்டிருந்தார், பங்க்ல அதை ஸ்கேன் பண்ணாத்தான் ஊத்துவாங்க (அடுத்த மாசம் எடுத்துட்டாங்க). வேன் பேசும்போது கோட்டா மிச்சம் இருக்கான்னு கேட்டுட்டு பேசினது நல்லதா போச்சு.

சிகிரியா டிக்கெட் கவுண்டர்ல போர்டு. உள்ளூர்க்காரங்களுக்கு சில்லறை காசு. வெளிநாட்டுக்காரங்களுக்கு டாலர் கணக்கு, அப்ப ரூபால பத்தாயிரத்தை ஒட்டி வந்துது. சார்க் நாட்டுக்காரங்களுக்கு அப்ப அதுல பாதி. நான் பாஸ்போர்ட்டை நீட்டி பாதி விலைல வாங்கிட்டேன். இவர் கனடா பாஸ்போர்ட்டோட புது பர்த் சர்டிபிகேட்டையும் பையில இருந்து எடுத்து கண்ணாடி வழியா காட்டறார், "நான் இங்க பிறந்தனான்"னு தமிழ்ல சொல்லி, அப்புறம் இங்கிலீஷ்ல சொல்லி. உள்ள இருந்தவர் அதை மரியாதையா வாங்கி, படிச்சு, ரெண்டு கையாலயும் திருப்பி குடுத்துட்டு, முழு ரேட்டை கால்குலேட்டர்ல அடிச்சு காட்டினார்.

இப்ப இரட்டை குடியுரிமை ஃபீஸை பாத்துட்டு, சிகிரியாவை எத்தனை தடவை ஏறி இறங்கினா இந்த காசு திரும்ப வரும்னு இவர் உக்காந்து கணக்கு போட்டுட்டு இருக்கார்.