நாய்க்குட்டி வாங்கும் முன் முக்கால் மணி நேரம்: சேலத்தில் ஓர் ஆலோசனைச் சேவை

சேலம் ஐந்து ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி, ஒரு குடியிருப்புத் தெருவில், தம் வீட்டின் முன்னறையிலேயே சிகிச்சை பார்க்கும் கால்நடை மருத்துவர் ஒருவர், நாய் வளர்க்க விரும்புகிறவர்கள் அதை வாங்குவதற்கு முன்பே வந்து கலந்து பேசுவதற்கென்று புதன், சனி மாலைகளில் தனியாக நேரம் ஒதுக்கி வைத்திருக்கிறார். ஒருவருக்கு முக்கால் மணி நேரம், கட்டணம் 400 ரூபாய். பெயரை வெளியில் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் நான் குறிப்பிடவில்லை. அங்கே இரண்டு முறை சென்றிருக்கிறேன்; முதல் முறை எங்கள் வீட்டுக்காக, அடுத்த முறை ஏற்காட்டில் இருக்கும் என் தங்கைக்காக.

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு நாங்கள் ஒரு கடையில் பக் என்ற தட்டை முக இனத்தின் குட்டி ஒன்று வாங்கினோம். 45 நாள் ஆகிவிட்டது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். பல் அப்போதுதான் ஈறை விட்டு வெளியே வந்துகொண்டிருந்ததைப் பார்த்த வேறொரு மருத்துவர், ஒரு மாதம்கூட நிறைந்திருக்காது என்றார். வாந்தியும் இரத்தக் கழிச்சலுமாகக் கிடந்து ஒன்பதாம் நாள் பார்வோ என்ற வைரஸ் தொற்றுநோயில் அது இறந்துபோனது. அப்போது ஆறு வயதாக இருந்த என் மகள் இப்போதும் அந்தக் குட்டியின் கழுத்துமணியைத் தன் பென்சில் பெட்டியில் வைத்திருக்கிறாள். இன்னொரு முறை அப்படி நடக்க விடக்கூடாது என்ற எண்ணத்தோடுதான் அந்த 400 ரூபாயைக் கட்டினேன்.

உள்ளே சென்று உட்கார்ந்ததும் எந்த இனம் வேண்டும் என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு: "ஏப்ரல் மாசம் மத்தியானம் ரெண்டு மணிக்கு உங்க வீட்டுல யாரும்மா இருப்பாங்க?" எங்கள் வீடு செவ்வாய்ப்பேட்டையில், கீழே கணவரின் கொலுசுப் பட்டறை, மேலே குடியிருப்பு. நான் பள்ளிக்குப் போய்விடுவேன், மகளும் அப்படியே. 74 வயதான அத்தை மட்டும் மாடியில் இருப்பார். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை, மின்விசிறி மட்டுமே உண்டு. இதைச் சொன்னதும் அவர் தாளில் எதையோ குறித்துக்கொண்டு, மாடிப்படி எத்தனை, படி எவ்வளவு உயரம், பட்டறைக்கு ஒரு நாளைக்கு எத்தனை பேர் வந்து போவார்கள், அத்தைக்கு மூட்டுவலி உண்டா, வீட்டில் யார் விடியற்காலையில் எழுந்திருப்பவர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பட்டறைத் தரையில் சிதறும் வெள்ளித் துணுக்குகளையும், மெருகேற்ற வைத்திருக்கும் அமிலத்தையும் பற்றி நாங்கள் சொல்லாமலே அவர் கேட்டபோதுதான், இவர் சேலத்து வீடுகளை அறிந்தவர் என்று எனக்கு உறுதியானது.

மகள் மறுபடியும் பக் வேண்டும் என்றாள். 2003-ல் ஹட்ச் செல்பேசி நிறுவனத்தின் விளம்பரத்தில் ஒரு சிறுவனின் பின்னாலேயே நடந்து வந்த அந்த நாய் வீட்டுக்கு வீடு பிடித்துப்போனதில் வியப்பில்லை. அதன் முகம் அப்படிப்பட்டது. அந்த முகமே அதற்குத் துன்பம் என்பதை மருத்துவர் பொறுமையாக விளக்கினார். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை, பாதத்தின் அடியில் மட்டும் சிறிது வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் அது தன் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். முகம் தட்டையான இனங்களுக்கு மூக்குத்துளை குறுகலாகவும், மேலண்ணத்தின் மென்பகுதி தொண்டைக்குள் நீண்டும் இருப்பதால் அந்த மூச்சே சரியாகப் போய் வராது. ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியை ஒட்டி ஏறும் ஊரில், மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையில், குனிந்து நிமிர முடியாத ஒரு பெரியவரின் பொறுப்பில் அதை விடுவது சரியா என்று என் மகளையே கேட்டார். தரைத்தளத்தில், குளிர்சாதன வசதியோடு, நாள் முழுவதும் ஆள் இருக்கும் வீடாக இருந்தால் பக் நன்றாகவே வாழும் என்பது என் கருத்து. அந்தப் பக்கத்தை அவர் இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அவர் சொன்னதற்கு மறுப்பே இல்லை.

என் கணவருக்குப் பிடித்தது டாஷண்ட். ஜெர்மனியில் வளைக்கரடியை வளைக்குள் புகுந்து விரட்டுவதற்காக வளர்த்தெடுத்த இனம் அது. கால் குட்டையாகவும் முதுகு நீளமாகவும் இருப்பதற்குக் காரணமான அதே மரபுக்கூறு முதுகெலும்பின் வட்டுகளையும் இளவயதிலேயே இறுகச் செய்துவிடுகிறது என்றும், ஏறத்தாழ ஐந்தில் ஒரு டாஷண்டுக்காவது வாழ்நாளில் வட்டு பிதுங்கும் தொல்லை வருகிறது என்றும் சொன்னார். எங்கள் மாடிப்படி 19, ஒவ்வொன்றும் செங்குத்து. கணவர் அதன்பின் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஷிட்சு இன நாயைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. வளர்ந்துகொண்டே இருக்கும் அதன் முடியைத் தினமும் சீவ வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டக் கத்தரித்து வைக்க வேண்டும், முகமும் தட்டை என்றதோடு முடிந்தது. பீகிள் உருவத்தில் சிறியதுதான் என்றாலும் மோப்பம் பிடித்து ஓடுவதற்கென்றே பிறந்தது. ஒரு மணி நேரமாவது நடத்திக் கூட்டிப்போக எங்களில் ஆள் இல்லை.

மிச்சமிருந்தது நாம் எல்லோரும் பொமரேனியன் என்று அழைக்கும் வெள்ளை நாய். உண்மையான பொமரேனியன் மூன்றரை கிலோவைத் தாண்டாது என்பதும், நம் தெருக்களில் தலைமுறைகளாக வளர்ந்துவரும் நாய் பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ் என்ற தனி வகை என்பதும் எனக்கு அன்றுதான் தெரிந்தது. மூக்கு நீண்டது, மூச்சுத் திணறல் இல்லை, நம் ஊர்ச் சாப்பாட்டுக்கும் வெயிலுக்கும் பழகியது. குறை என்னவென்றால் குரைப்பு. பட்டறைக்கு ஆள் வந்துபோகும் வீட்டில் அது பெரிய குறை என்று ஒளிக்காமல் சொன்னார். வெயிலுக்குப் பாவம் என்று அதன் இரண்டு அடுக்கு முடியைச் சிரைத்துவிடக் கூடாது என்பதையும் அழுத்திச் சொன்னார். அது சூட்டைத் தடுக்கும் போர்வையாகவும் இருக்கிறதாம், சிரைத்தால் சில நாய்களுக்குத் திரும்பச் சரியாக முளைப்பதும் இல்லையாம்.

பிறகு மகளின் பக்கம் திரும்பி, சிறிய நாய்கள் பொதுவாக 12 முதல் 15 ஆண்டுகள் வாழும் என்றும், அவள் கல்லூரிக்குப் போகும்போது நாய்க்குப் பாதி வயதுகூட ஆகியிருக்காது என்றும் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தக் கணக்கு எனக்கும் சேர்த்துத்தான். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டபோது, தயிர்சாதத்தை மட்டுமே போட்டு வளர்க்க முடியாது, முட்டையோ கோழியோ வேண்டும் என்றார். மீந்த சாம்பாரைச் சோற்றில் பிசைந்து வைக்கும் பழக்கத்தை உடனே விடச் சொன்னார். சின்ன வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். உடம்பு சிறியதாக இருக்க இருக்கக் குறைந்த அளவே போதும்.

எங்கே வாங்குவது என்று கேட்டால் அவர் எந்தப் பெயரையும் சொல்வதில்லை. சிலருக்கு இது குறையாகத் தோன்றலாம், எனக்கு நம்பிக்கையே கூடியது. எதைப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் சொன்னார், மகள் எழுதிக்கொண்டாள். 2017-ல் வந்த மத்திய அரசின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். தாய் நாயை நேரில் காட்ட மறுக்கும் இடத்தில் வாங்கக் கூடாது. தடுப்பூசி அட்டையில் மருந்துக் குப்பியின் ஒட்டுச்சீட்டும் மருத்துவரின் கையெழுத்தும் இருக்க வேண்டும். எட்டு வாரத்தை ஒட்டி முதல் ஊசி, அதன்பின் மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை 16 வாரம் வரை, மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. அது முடியும்வரை குட்டியைத் தெருவில் இறக்கவே கூடாது. இந்த அரைப்பக்கக் குறிப்பு ஆறு ஆண்டுகளுக்கு முன் எங்கள் கையில் இருந்திருக்க வேண்டும்.

கடைசியில் அவர் சொன்ன யோசனைதான் நாங்கள் நினைத்தே பார்க்காதது. குட்டிதான் வேண்டும் என்று ஏன் நினைக்கிறீர்கள், வளர்ந்த நாயாக இருந்தால் அதன் உருவம், குரல், குணம் எல்லாம் முன்பே தெரிந்துவிடுமே என்றார். வீட்டை மாற்றிக்கொண்டு வெளியூர் செல்லும் குடும்பங்கள் ஒப்படைக்க விரும்பும் நாய்களின் விவரங்கள் அவருடைய அறிவிப்புப் பலகையில் இருக்கின்றன. அழகாபுரத்தில் ஒரு குடும்பம் பெங்களூரு போகவிருந்தது. அவர்களுடைய ஜூலி மூன்று வயது ஸ்பிட்ஸ் கலப்பு, ஏழு கிலோ, கருத்தடை செய்யப்பட்டது. இரண்டு மாலைகள் அங்கே சென்று அத்தையையும் உட்கார வைத்துப் பழக விட்டோம். முதல் நாள் ஜூலி அவரைச் சுற்றி வந்து முகர்ந்துவிட்டு விலகிப் போய்விட்டது. இரண்டாம் நாள் அவருடைய காலடியிலேயே படுத்துக்கொண்டது.

இப்போது எட்டு மாதம் ஆகிறது. படியின் அடியில் கம்பிக் கதவு போட்டோம், அதனால் பட்டறைக்குள் நுழைவதில்லை. பட்டறைக்கு ஆள் வந்தால் குரைக்கிறது, அத்தை பெயரைச் சொல்லி அழைத்தால் நிறுத்துகிறது. கூரியர்காரருக்கு மட்டும் நிறுத்துவதே இல்லை. முதல் மாதம் சரியாகச் சாப்பிடவில்லை, கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. பழைய வீட்டை நினைத்து ஏங்கும் நாயைத் தேற்றுவது எளிதில்லை என்பதை வளர்ந்த நாயை எடுப்பவர்கள் அறிந்திருக்க வேண்டும். தீபாவளியன்று கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. காலை ஆறரைக்குள் நடை முடிந்துவிடும். கோடையில் தார்ச்சாலையில் புறங்கையை வைத்து, சுடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறக்குகிறோம்.

தங்கைக்கு அவர் சொன்னது வேறாக இருந்தது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம், வெயில் தொல்லை இல்லை. ஆனால் மூடுபனியும் தூறலுமாக மாதக்கணக்கில் ஈரம் காயாத இடத்தில் நீண்ட முடியும் தொங்கும் காதும் உள்ள நாய்களுக்குத் தோல் அரிப்பும் காதுச் சீழும் வரும். காப்பித் தோட்டத்துக்கு நடுவே வேலியில்லாத வீட்டில் பீகிள் வைத்தால் மோப்பம் பிடித்துக்கொண்டு காட்டெருமை நிற்கும் பக்கம் போய்விடும் என்றார். தோட்டத்து உண்ணிகளுக்கு மாதாமாதம் மருந்து வேண்டும். உண்ணியால் பரவும் எர்லிகியா நோய் முற்றியபின் நாய் பிழைப்பது கடினம். குட்டியை மலைக்குக் கொண்டு செல்லும் நாளில், கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிட வேண்டும், 20 கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுக்காத குட்டி அரிது என்றார். அவள் இன்னும் முடிவு செய்யவில்லை, வேலி போட்டபிறகு பார்க்கலாம் என்றிருக்கிறாள். அவசரப்படுத்தாத அந்த ஆலோசனைக்காகவே நான் இந்தச் சேவையை மற்றவர்களுக்குச் சொல்வேன்.

குறைகளும் உண்டு. காத்திருக்கும் இடம் ஒன்றே. நோயுற்ற நாய்கள் படுத்திருக்கும் அதே திண்ணையில்தான் ஆலோசனைக்கு வருபவர்களும் உட்கார வேண்டும். ஏற்கெனவே குட்டி வாங்கிவிட்டு வருபவர்கள் அதை அங்கே தரையில் விட்டால் பார்வோ தொற்ற வாய்ப்பு இருக்கிறது. இதை அவரிடமே சொன்னேன், தனி வாசல் வைக்க எண்ணியிருப்பதாகச் சொன்னார். முன்பதிவு இருந்தும் முதல் முறை ஒரு மணி நேரம் காத்திருந்தோம். கார் நிறுத்த இடமில்லை, இரு சக்கர வாகனத்தில் செல்வது நல்லது. பணமாகவோ யுபிஐ வழியாகவோ கட்டலாம். செல்பவர்கள் வீட்டின் படிகளை எண்ணி, எந்த நேரத்தில் யார் இருப்பார்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, நாயோடு அதிக நேரம் இருக்கப்போகிறவரையும் கூட்டிச் செல்லுங்கள். நாங்கள் முதல் முறை அத்தையை வீட்டில் விட்டுவிட்டுப் போனதால் பாதிக் கேள்விகளுக்கு அங்கிருந்தபடியே தொலைபேசியில் அவரிடம் கேட்டுத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.