மணமாகாத இளவரசிக்கு எந்த வீடு? வியன்னாவா, இன்ஸ்ப்ருக்கா, கிளாகன்ஃபுர்ட்டா?

பெண் கொடுத்தும் பெண் எடுத்தும் பேரரசை வளர்த்த குடும்பம், ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடும்பம். பதினெட்டாம் நூற்றாண்டில் அதன் தலைவியாக ஆண்ட மரியா தெரேசாவுக்குப் பிறந்த 16 பிள்ளைகளில் 11 பேர் பெண்கள். பார்மாவுக்கு ஒருத்தி, நேப்பிள்ஸுக்கு ஒருத்தி, பிரான்சுக்கு ஒருத்தி என்று அவர் அனுப்பிவைத்த கதை எல்லாருக்கும் தெரியும். பிரான்சுக்குப் போன கடைசி மகள் மேரி அன்டோனெட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வளர்ந்து பெரியவர்களாகியும் கரைசேராமல் வீட்டிலேயே தங்கிவிட்ட இருவரைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. ஒருவர் மரியா அன்னா (1738–1789). உயிரோடு இருந்த பிள்ளைகளில் அவர்தான் மூத்தவர். மற்றவர் மரியா எலிசபெத் (1743–1808). சகோதரிகளில் அழகி என்று பெயரெடுத்தவர்.

இருவருக்கும் தாய் கொடுத்தது ஒரே பதவி: மடத்தலைவி. இருவரையும் வெளியே அனுப்பியது ஒரே மனிதர்: மூத்தவருக்குத் தம்பியும் இளையவருக்கு அண்ணனுமான பேரரசர் இரண்டாம் ஜோசப். அனுப்பிய ஆண்டும் ஒன்றே: 1781. அப்படியிருந்தும் இரண்டு வாழ்க்கைகளும் இரண்டு திசையில் போயின. ஏன் என்று பார்ப்பதற்கு முன், அந்தக் குடும்பத்தில் மணமாகாத பெண்ணுக்கு என்னென்ன வழிகள் இருந்தன என்று பார்த்துவிடலாம்.

மிகக் கடினமான வழி துறவு. இதே குடும்பத்தின் முந்தைய பேரரசர் இரண்டாம் மாக்சிமிலியனின் மகள் மார்கரெட் (1567–1633) அதைத் தேர்ந்தெடுத்தார். ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பை மணக்கும் பேச்சைத் தட்டிக்கழித்துவிட்டு, மாட்ரிட்டின் டெஸ்கல்சாஸ் ரியாலஸ் மடத்தில் கன்னியாஸ்திரீ ஆனார். ராணி ஆகும் வாய்ப்பை வேண்டாம் என்று சொல்ல அன்று ஓர் இளவரசிக்கு இருந்த ஒரே கௌரவமான காரணம் கடவுள்தான்.

மிகப் பெரிய வழி ஆட்சி. மரியா தெரேசாவின் அத்தை ஒருவர், அவர் பெயரும் மரியா எலிசபெத்தான், 1725 முதல் 1741-ல் இறக்கும்வரை பிரஸ்ஸல்ஸில் இருந்துகொண்டு ஆஸ்திரிய நெதர்லாந்தை (ஏறக்குறைய இன்றைய பெல்ஜியம்) ஆண்டார். கல்யாணம் ஆகாதவர். 'பெண் தனியாக இருந்து என்ன செய்வாள்' என்ற கேள்விக்கு அந்தக் குடும்பமே வைத்திருந்த பதில் அது. ஆனால் 1780-ல் அதே பதவி மீண்டும் காலியானபோது, வீட்டில் மணமாகாத இரண்டு மகள்கள் இருந்தும் அது அவர்களுக்குப் போகவில்லை. காதலித்தவரையே கைப்பிடிக்க அனுமதி பெற்ற செல்லமகள் மரியா கிறிஸ்டினாவுக்கும் அவருடைய கணவர் ஆல்பர்ட்டுக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. காதலும் அவளுக்கே, பதவியும் அவளுக்கே. அக்காவும் தங்கையும் அந்தத் தம்பதியை எந்தக் கண்ணோடு பார்த்திருப்பார்கள் என்று ஊகிக்கப் பெரிய ஞானம் தேவையில்லை.

மூன்றாவது வழி, சும்மா இருப்பது. அதாவது வியன்னா அரண்மனையிலேயே தங்கிவிடுவது. திருப்பலி, விருந்து, ஊர்வலம், சீட்டாட்டம், மறுபடி திருப்பலி. எந்த வாசல்வரை யார் வரலாம், யாருக்குப் பின்னால் யார் நடக்கலாம் என்பதற்கெல்லாம் விதி உண்டு. எதையும் தீர்மானிக்கும் வேலை மட்டும் கிடையாது. நான் இந்த வழியைத்தான் கடைசியில் வைப்பேன். வசதிக்குக் குறைவில்லை, ஆனால் அந்த வீட்டில் இருக்கும் உரிமை தாய் உயிரோடு இருக்கும்வரைதான். 1780 நவம்பர் 29-ல் தாய் கண்ணை மூடினார். அடுத்த ஆண்டே ஜோசப் சகோதரிகளை அரண்மனையைவிட்டு அனுப்பிவிட்டார்.

அந்த நாளுக்கு எலிசபெத் தயாராக இல்லை. மரியா அன்னா எப்போதோ தயாராகிவிட்டார். இந்த ஒப்பீட்டின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது.

மரியா அன்னாவுக்குக் கல்யாணச் சந்தையில் இடமில்லை என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. 1757-ல் நுரையீரல் அழற்சி வந்து, சாகக் கிடப்பவர்களுக்கான அவஸ்தைப்பூசுதல் கொடுக்கும் அளவுக்குப் போய்ப் பிழைத்தார். மூச்சு சரியாக வரவில்லை, முதுகு கூன் விழுந்துவிட்டது. அப்போது வயது பதினெட்டு. அதன்பின் அவர் தந்தையின் பக்கம் ஒதுங்கினார். தந்தை ஃபிரான்ஸ் ஸ்டெஃபான் பெயருக்குப் பேரரசர். ஆட்சியை மனைவி பார்த்துக்கொண்டதால் அவருக்குக் கனிமங்களும் நாணயங்களும் சேர்க்க நேரம் இருந்தது. மகளும் அதையே பிடித்துக்கொண்டார். கனிமவியலாளர் இக்னாஸ் ஃபான் போர்ன் அவருக்குக் கற்றுக்கொடுத்தார். மரியா அன்னா சேர்த்த கனிமத் தொகுப்பு பின்னாளில் ஹங்கேரியின் புடா பல்கலைக்கழகத்துக்குப் போனது. தாயின் ஆட்சியில் வெளியான நினைவுப் பதக்கங்களுக்கு விவரப் பட்டியல் தயாரிக்கும் வேலையிலும் இறங்கினார். விருந்து மண்டபத்தில் ஓரமாக உட்கார வேண்டிய பெண், கல்லையும் காசையும் வரிசைப்படுத்தும் மேசையில் நடுவே உட்கார்ந்துகொண்டார்.

1765-ல் தம்பி லியோபோல்டின் திருமணத்துக்காகக் குடும்பம், டிரோல் பகுதியின் தலைநகரான இன்ஸ்ப்ருக் போனது. வழியில், தென் ஆஸ்திரிய நகரான கிளாகன்ஃபுர்ட்டில், நோயாளிகளைப் பராமரிக்கும் எலிசபெத்தீன் கன்னியாஸ்திரீகளை மரியா அன்னா சந்தித்தார். அந்தச் சந்திப்பு அவர் மனதில் தங்கிவிட்டது. இன்ஸ்ப்ருக்கில் கல்யாண வீடு சாவு வீடானது: ஆகஸ்ட் 18 அன்று தந்தை திடீரென்று இறந்தார். அந்த ஊரில் இன்றும் நிற்கும் வெற்றி வளைவின் ஒரு பக்கத்தில் திருமண மகிழ்ச்சியையும் மறுபக்கத்தில் மரணத் துக்கத்தையும் செதுக்கியிருக்கிறார்கள். இரண்டு சகோதரிகளின் பிற்கால வீடுகளும் அந்த ஒரே பயணத்தில் முளைத்தவை என்பதை நினைத்தால் கொஞ்சம் திகைப்பாகத்தான் இருக்கிறது. தந்தையின் ஆன்மாவுக்காக ஜெபிக்க இன்ஸ்ப்ருக்கில் தாய் நிறுவிய பிரபுகுலப் பெண்கள் இல்லம்தான் பின்னாளில் எலிசபெத்தின் இருப்பிடம்.

இந்த 'இல்லம்' என்ற சொல்லைச் சற்று விளக்க வேண்டும். ஏழ்மையில் விழுந்த உயர்குலப் பெண்களுக்கான ஏற்பாடு இது. ஜெபக் கடமை உண்டு, சீருடை உண்டு. ஆனால் ஆயுள் முழுதும் கட்டிப்போடும் துறவு வாக்கு கிடையாது. நல்ல வரன் வந்தால் கிளம்பிவிடலாம். பிராக் இல்லத்தின் தலைவியாக இருந்த மரியா தெரேசா என்ற பிற்கால இளவரசி ஒருவர் 1837-ல் இரு சிசிலிகளின் மன்னரை மணந்து ராணியாகப் போய்விட்டார். மரியா அன்னாவும் 1766-ல் அதே பிராக் இல்லத்துக்குத் தலைவியாக்கப்பட்டவர்தான். பட்டம் பிராகில், வாழ்க்கை வியன்னாவில். மனம் மட்டும் கிளாகன்ஃபுர்ட்டில்.

பட்டத்தோடு அவர் நிற்கவில்லை. எலிசபெத்தீன் மடத்தை ஒட்டித் தனக்கென்று ஒரு மாளிகை கட்ட வைத்தார். கட்டியவர் நிக்கோலோ பக்காசி, வியன்னாவின் ஷோன்ப்ருன் அரண்மனையைப் புதுப்பித்த அதே கலைஞர். தாய் உயிரோடு இருக்கும்போதே, தம்பி 'போ' என்று சொல்லும் முன்பே, போகிற இடம் எழும்பிக்கொண்டிருந்தது. ஆகவே 1781-ல் அவர் கிளாகன்ஃபுர்ட்டுக்குப் போனதை வெளியேற்றம் என்பதைவிடக் குடிபோனது என்றுதான் சொல்ல வேண்டும். மடத்தின் மருத்துவமனைக்குப் பணம் கொடுத்தார். ஊருக்குப் பக்கத்தில் சோல்ஃபெல்டில் ரோமானியர் காலத்து எச்சங்களைத் தோண்டுவதற்கும் கொடுத்தார். 1783-ல் கிளாகன்ஃபுர்ட்டில் தொடங்கிய ஃப்ரீமேசன் சங்கம் (கத்தோலிக்கத் திருச்சபை தடைசெய்திருந்த ரகசியச் சகோதரத்துவ அமைப்பு) அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது. மடத்தலைவியின் பெயரில் ஃப்ரீமேசன் சங்கம்! போப்பாண்டவருக்கு இது இனித்திருக்காது.

இன்னொன்று. ஜோசப் ஜெபம் மட்டும் செய்யும் மடங்களை வரிசையாக மூடிக்கொண்டிருந்த காலம் அது. டிரோலின் ஹால் நகரில் முந்தைய ஹாப்ஸ்பர்க் இளவரசிகள் நிறுவிய பெண்கள் இல்லம்கூட 1783-ல் கலைக்கப்பட்டது. நோயாளிகளைக் கவனித்த எலிசபெத்தீன்கள் தப்பினார்கள். மரியா அன்னா பக்தியால் தேர்ந்தெடுத்தாரா, கணக்குப் போட்டாரா தெரியாது. தேர்வு சரியாக அமைந்தது.

எலிசபெத்தின் கதை வேறு. அவரை வளர்த்ததே பார்க்கப்படுவதற்காக. 1767-ல் பெரியம்மை அந்த வீட்டைச் சூறையாடியது: ஜோசப்பின் மனைவி இறந்தார், நேப்பிள்ஸுக்கு மணப்பெண்ணாகக் கிளம்ப இருந்த மகள் ஜோசஃபா இறந்தார், தாய் மயிரிழையில் பிழைத்தார். எலிசபெத்தும் பிழைத்தார், முகம் பிழைக்கவில்லை. அடுத்த ஆண்டு மனைவியை இழந்த பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயிக்கு அவரைக் கொடுக்கலாம் என்ற பேச்சு எழுந்து, அடங்கியும் போனது. நடந்திருந்தால், 1770-ல் லூயியின் பேரனுக்கு வாழ்க்கைப்பட்டுப் போன தங்கை மேரி அன்டோனெட்டுக்கு எலிசபெத் பாட்டி முறை ஆகியிருப்பார்.

அதன்பின் அவருக்கு மிஞ்சியது நாக்கு. அதைக் கூர்தீட்டிக்கொண்டார். ஒருமுறை கன்னத்தில் கட்டி வந்து உடைந்து ஓட்டை விழுந்திருந்தது. பிரிட்டிஷ் தூதர் அனுதாபம் தெரிவித்தபோது, நாற்பது வயதான கன்னி இளவரசிக்குக் கன்னத்தில் ஓட்டை விழுவதுகூட ஒரு பொழுதுபோக்குத்தான் என்று சிரித்தாராம். அரண்மனையில் சும்மா இருப்பது என்ற வழியைப் பற்றி நான் மேலே எழுதிய பத்தி முழுவதையும் அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

இன்ஸ்ப்ருக் அவருக்குத் தண்டனை என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கே ஹோஃப்புர்க் அரண்மனை இருந்தது, ஊர் இருந்தது, ராஜ குடும்பத்தின் முகமாக நிற்க வாய்ப்பு இருந்தது. கழுத்தில் கழலை வீங்கி, ஊரார் 'கழலைக்கார லீசல்' (எலிசபெத்தின் சுருக்கம்) என்று பட்டப்பெயர் வைத்தார்கள். ஆனாலும் அவர் முக்கியமானவராகவே இருந்தார். கிளாகன்ஃபுர்ட்டின் மருந்து வாசனைக்கும் கனிமப் பெட்டிகளுக்கும் நடுவே அவரை உட்கார வைத்திருந்தால் ஒரு மாதம் தாங்கியிருக்க மாட்டார். அக்காவோ இன்ஸ்ப்ருக் வரவேற்பறையில் மூச்சுத் திணறியிருப்பார்.

குறை வேறிடத்தில் இருந்தது. இன்ஸ்ப்ருக்கில் எலிசபெத்துக்கு இருந்தது எல்லாம் குடும்பத்தின் சொத்து. குடும்பம் டிரோலை வைத்திருக்கும்வரைதான் அது நிற்கும். 1805-ல் நெப்போலியனிடம் ஆஸ்திரியா தோற்று, டிரோல் அண்டை நாடான பவேரியாவின் கைக்குப் போனது. அறுபதைக் கடந்த எலிசபெத் மறுபடி பெட்டி கட்ட வேண்டியதாயிற்று. 1808 செப்டம்பர் 22 அன்று ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் இறந்தார். கல்லறை அங்கே உள்ள இயேசு சபைத் தேவாலயத்தில்.

மரியா அன்னா அதற்குப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1789 நவம்பர் 19 அன்று, போய்விட்டார். சொத்தை மடத்துக்கு எழுதிவைத்தார். மாளிகையில் இப்போது கிளாகன்ஃபுர்ட் ஆயர் குடியிருக்கிறார். எலிசபெத்தீன் மருத்துவமனை இன்றும் நடக்கிறது. தாயும் தந்தையும் வியன்னாவில் குடும்பத்துக்கே உரிய கப்பூச்சின் கல்லறையில் ஒரே பேழையில் உறங்குகிறார்கள். இந்த இரண்டு மகள்களும் அங்கே இல்லை. மூத்தவர் தான் தேடிக்கொண்ட மடத்திலேயே கிடக்கிறார், கன்னியாஸ்திரீகளோடு.