இலைக்கு காய்ச்சல் பாக்க ஒரு தெர்மாமீட்டர் கன்: அஞ்சுக்கு மூணரை

இத எதுக்கு வாங்கினேன்னு சொன்னா சிரிப்பீங்க. மழைக்காட்டு மரங்களோட இலை சராசரியா 46.7 டிகிரிய தொட்டா ஒளிச்சேர்க்கை பண்ற மெஷினே கெட ஆரம்பிச்சிடும்னு 2023ல நேச்சர் இதழ்ல ஒரு ஆய்வு வந்துது, காத்து எங்க அவ்ளோ சூடாகப் போகுதுன்னு மொதல்ல அலட்சியமா விட்டுட்டேன், அப்பறம்தான் உறைச்சுது அது காத்தோட சூடு இல்ல, இலையோட சூடு. சரி இலை எவ்ளோதான் சுடும், நாமளே பாத்துருவோம்னு இந்த இன்ஃப்ராரெட் கன்ன ஆர்டர் போட்டேன்.

மாட்டினது தொட்டில நிக்கற ரப்பர் செடி, நல்ல தடிமனான பெரிய இலை. மத்தியானம் நிழல்ல காத்து 33, வெயில் நேரா விழுற இலை 41! அதே செடில நிழல்ல ஒதுங்கின இலை 32தான். அடுத்த நாள் ஒரு இலையோட அடிப்பக்கம் வாஸ்லின் தடவி விட்டேன் (தண்ணிய ஆவியா விட்டு இலைய குளிர வைக்கற இலைத்துளை எல்லாம் இதுக்கு அடியிலதான்), முக்கால் மணி நேரத்துல பக்கத்து இலைய விட மூணு டிகிரி ஏறிடுச்சு. வறட்சில மரம் தண்ணிய மிச்சம் புடிக்க துளைய மூடுறப்ப நடக்கறதும் இதேதான், தண்ணி தங்கும் ஆனா இலை வேகும். பயோஸ்பியர் 2 கண்ணாடிக் கூடத்துக் காட்ல காத்துல ஈரம் இருந்ததால துளைய ரொம்ப மூட வேண்டியில்லாம 38 டிகிரி வரைக்கும் மரங்க ஒளிச்சேர்க்கைய சமாளிச்சுதுன்னு 2020ல ஒரு ஆய்வு வந்துது, அது இப்பதான் எனக்கு வெளங்குது.

இப்போ குறைக்கு வரேன். பொட்டில 12:1னு (தூரத்துக்கும் அளக்கற வட்டத்துக்கும் உள்ள விகிதம்) போட்டிருக்கும், லேசர் புள்ளி விழுற இடத்த மட்டும்தான் அளக்குதுன்னு நம்பிடாதீங்க. ஒரு மீட்டர் தள்ளி நின்னா எட்டு சென்டிமீட்டர் வட்டத்தோட சராசரிதான் வரும். ரெண்டு மீட்டர்ல இருந்து பாத்தப்ப அதே 41 டிகிரி இலை 36னு காட்டுச்சு, பின்னாடி இருக்கற நிழல் சுவரெல்லாம் கணக்குல சேந்துடுச்சு. மலிவு சாமான்னா இப்டிதான்னு திட்டலாம்னு வந்தேன், ஆனா அந்த நேச்சர் ஆய்வுக்கு டேட்டா குடுத்த ஈகோஸ்ட்ரெஸ்ங்கற வெப்பம் அளக்கற கருவி, 2018ல சர்வதேச விண்வெளி நிலையத்துல மாட்டினது, அதுக்கே ஒரு பிக்சல் சுமார் 70 மீட்டர். வறண்ட காலத்துல மர உச்சி சராசரியா 34 டிகிரின்னு அது சொல்லும், அந்த சராசரிக்குள்ள 40 தாண்டின இலையும் ஒளிஞ்சிருக்கும். அதனாலதான் இலைங்கள்ல நேரடியா அளந்ததையும் சேத்துப் பாத்தாங்க. இப்போதைக்கு வருஷத்துக்கு 0.01 சதவீத இலைதான் அந்த 46.7 எல்லைய தாண்டுதாம், அதாவது பத்தாயிரத்துல ஒண்ணு. காத்து இன்னும் சுமார் 3.9 டிகிரி ஏறுற வரைக்கும் காடு தாங்கலாம்னு அவங்க கணக்கு.

மத்தபடி எமிசிவிட்டி (ஒரு பரப்பு எவ்ளோ நல்லா வெப்பத்த கதிரா வெளிய விடுதுங்கற அளவு) 0.95ல ஃபிக்ஸ் பண்ணி வச்சிருக்காங்க, மாத்த முடியாது, இலைக்கு அது பரவால்ல ஆனா பளபளன்னு இருக்கற ஸ்டீல் பாத்திரத்துக்கு சுத்த உளறல். வெயில்ல லேசர் கண்ணுக்கே தெரியல, குறி வைக்கறது குருட்டாம்போக்குதான். நான் நோட்புக்ல எழுதறதுக்குள்ள ஸ்கிரீன் வேற அணைஞ்சிடுது, அரை ஸ்டார் அதுக்கே போச்சு.

கைக்கு எட்டற இலைக்கு ஒட்டி புடிச்சு பாக்கறவங்க தாராளமா வாங்கலாம். கீழ நின்னு 30 மீட்டர் மரத்தோட உச்சிய அளக்கப் போறேன்னா வேணாம், ரெண்டரை மீட்டர் வட்டம் விழும், இடுக்குல தெரியற வானத்தையும் சேத்து அளந்துட்டு இலை ஜில்லுனு இருக்குன்னு சொல்லும்.