தேய்ந்த காசின் மேடு பள்ளம்: எட்டு விளக்கா, ஐயாயிரம் படமா?

ராஜராஜன் காலத்துச் செப்புக்காசு போன்ற சிறு பரப்பின் மேடு பள்ளத்தை மேசை மேல் வைத்தே அளக்க இரண்டு வழிகள் நடைமுறையில் உண்டு. ஒன்று, கேமராவை அசைக்காமல் வெவ்வேறு திசையிலிருந்து விளக்கைப் போட்டு, சிதறிவரும் ஒளியிலிருந்து சாய்வைக் கணக்கிடும் போட்டோமெட்ரிக் ஸ்டீரியோ. 1980-இல் ராபர்ட் வுட்ஹாம் முறைப்படுத்தியது. மற்றது, ஃபோகஸை மைக்ரான் மைக்ரானாக (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நகர்த்தி, எந்த இடம் எங்கே கூர்மையாகிறது என்று பார்க்கும் ஃபோகஸ் ஸ்டாக்கிங். நாங்கள் நிலைத்தது முதல் வழியில்.

படங்களின் எண்ணிக்கையே பாதி காரணம். சாதாரண 1:1 மேக்ரோ லென்ஸில் கூர்மைப் பட்டையே (ஒரே ஃபோகஸில் கூர்மையாகத் தெரியும் ஆழம்) சில நூறு மைக்ரான்; தேய்ந்த காசின் புடைப்பு மொத்தமும் அதற்குள் அடங்கிவிடும், உயரம் பிரியாது. 10 மடங்கு, 0.28 என்.ஏ. (லென்ஸ் ஒளியை வாங்கும் கோணத்தின் அளவு) மைக்ரோஸ்கோப் லென்ஸுக்கு மாறினால் பட்டை சுமார் 7 மைக்ரானாகக் குறையும். 3 மைக்ரான் படியில் 300 மைக்ரான் புடைப்பை ஏற 100 படம். ஆனால் ஃபுல்ஃப்ரேம் (36 × 24 மி.மீ. சென்சார்) கேமராவில் ஒரு பார்வையில் தெரிவது 3.6 × 2.4 மி.மீ. மட்டும். 20 மி.மீ. காசை மூட, மேற்பொருத்தம் விடாமலே 54 கட்டம். ஆக 5,400 படம். பளபளவென்று தேய்ந்த இடத்தில் கூர்மை பார்க்கப் புள்ளியோ கீறலோ இல்லாததால் அங்கே உயரமும் கிடைக்காது. விளக்கு முறையில் எட்டுப் படம், விளக்கணைத்த ஒரு படம், வெள்ளை அட்டைக்கு எட்டு. செம்பில் ஏறிய பாசியின் (களிம்பின்) பச்சையும் கறுப்பும் கணக்கில் தனியாகப் பிரிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத எழுத்து சாய்வில் எழும்.

இந்த முறையைக் காப்பாற்றுவதும் கெடுப்பதும் ஒன்றே: விளக்கின் தூரம். எல்.இ.டி.யை 45 டிகிரி உயரத்தில் 200 மி.மீ. தள்ளி வைத்தால், 20 மி.மீ. காசின் கிட்ட விளிம்புக்கு எட்ட விளிம்பைவிட ஏறக்குறைய 24% அதிக ஒளி விழும். ஒளி இணையாக வருகிறது என்று நம்பும் மென்பொருள் இதைச் சாய்வு என்றே படிக்கும். விளிம்பில் 6 டிகிரி பொய்ச்சாய்வு. அதைத் தொகுத்தால் (சாய்வுகளைக் கூட்டி உயரமாக்கினால்) தட்டையான காசு நடுவில் அரை மி.மீ. உப்பிய குமிழாக வரும். உண்மையான புடைப்பைவிட இது பெரிது. விளக்கை 400 மி.மீ.க்குத் தள்ளினாலும் குமிழ் பாதியாகுமே தவிரப் போகாது.

போக்கும் வழி வெள்ளை அட்டை. பளபளப்பில்லாத அட்டையை காசின் மேல்முகம் இருந்த அதே மட்டத்தில் வைத்து, எட்டு விளக்கிலும் படமெடுத்து, காசின் படத்தை அந்தந்த அட்டைப் படத்தால் வகுக்கவும். விளக்குகள் வெவ்வேறு உயரத்தில் இருந்தால், வகுத்தபின் ஒவ்வொன்றையும் அதனதன் உயரக் கோணத்தின் சைனால் பெருக்க வேண்டும். இதை விட்டால் சாய்வுகள் ஒருபக்கமாகக் கோணும். எல்லாமே ரா கோப்பில் (கேமரா திருத்தாத மூல அளவுகள்), ஒரே எக்ஸ்போஷரில். ஜேபெக்கின் வளைவு ஒளி அளவைத் திரித்துவிடும். விளக்குத் தாங்கி இம்மி நகர்ந்தாலும் அட்டைப் படம் செல்லாது. மறுபடி எடுக்கத்தான் வேண்டும். அதனால் வளையும் கைகளைவிட, எல்.இ.டி.களைத் திருகி இறுக்கிய ஒரே அரைக்கோளக் கூடு மேல்.

ஒவ்வொரு விளக்கின் திசையைக் கண்டறியப் பளபளப்பான 5 மி.மீ. பேரிங் உருண்டை போதும். 6 மைக்ரான் பிக்சலில் அதன் ஆரம் சுமார் 420 பிக்சல். விளக்கு 1 டிகிரி மாறினால் உருண்டையின் ஒளிப்பொட்டு மூன்று நான்கு பிக்சல் நகரும். வட்டத்தின் மையத்தைக் கண்ணளவில் குறித்தால் இந்தத் துல்லியம் போய்விடும். விளிம்பில் இருபது புள்ளி எடுத்து வட்டம் பொருத்துங்கள். கணக்கிடும்போது ஒவ்வொரு பிக்சலிலும் மிகப் பிரகாசமான அளவையும் மிக இருண்டதையும் தள்ளிவிட்டு மீதி ஆறில் சாய்வைத் தீர்த்தால், மினுக்கமும் நிழலும் பெரும்பாலும் ஒழியும். சாய்விலிருந்து உயரத்துக்கு 1988-இன் ஃப்ராங்கோட்–செல்லப்பா முறை வேகமானது. அது படத்தின் எதிரெதிர் ஓரங்கள் ஒட்டிக்கொள்வதாக எண்ணும். அதனால் காசைச் சுற்றித் தாராளமாகத் தட்டையான இடம் விட்டே தொகுக்கவும்.

பாசியில்லாத புது உலோகத்தில் இந்த முறை திணறும். குறுக்கு போலரைசர் (விளக்கிலும் லென்ஸிலும் ஒன்றுக்கொன்று குறுக்காக வைக்கும், மினுக்கத்தை வடிக்கும் தகடுகள்) அங்கே பயன்படாது: மினுக்கத்தோடு கிட்டத்தட்ட எல்லா ஒளியும் போய்விடும். அதற்கு எம்.ஐ.டி.யில் ஜான்சனும் ஏடெல்சனும் 2009-இல் காட்டிய, ஒளி சிதறும் பூச்சுள்ள ஜெல்லை அழுத்திப் படமெடுக்கும் உத்தி உண்டு. ஜெல் தேய்மானத்தைப் பற்றி நாங்கள் உறுதியாகச் சொல்லும் அளவுக்குப் புழங்கவில்லை. பொரிந்த பழங்காசில் எதையும் அழுத்தவே வேண்டாம்.

செங்குத்தான வெட்டு, துளையின் ஆழம், உடைந்த விளிம்பின் தடிமன் வேண்டுமென்றால் ஸ்டாக்கிங்தான். செங்குத்துச் சுவருக்குச் சாய்வு என்று ஒன்று படத்தில் பதிவதே இல்லை.