டைப் ரேட்டிங்குக்கு மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டப்போகிறீர்களா? கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

டைப் ரேட்டிங் என்பது குறிப்பிட்ட ஒரு விமான வகையை ஓட்டுவதற்கான தகுதி. லாக்புக்கில், அதாவது பறந்த நேரத்தைக் குறிக்கும் பதிவேட்டில், 200 மணிநேரத்துக்குக் கொஞ்சம் மேலே வைத்துக்கொண்டு, விமான நிறுவனங்களுக்கு விண்ணப்பம் அனுப்பிக்கொண்டிருக்கும் புது விமானிகளுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் அப்பா அம்மாவையும் படிக்கச் சொல்லுங்கள். கையெழுத்து உங்களுடையதாக இருந்தாலும் பணம் பெரும்பாலும் அவர்களுடையதுதான்.

நான் எடுத்தது ஐரோப்பிய முறை உரிமம். 13 பாடங்கள், ஒவ்வொன்றிலும் 75 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி. அதை முடித்து வணிக விமானி உரிமம், இரட்டை இன்ஜின், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங், அப்புறம் இருவர் சேர்ந்து விமானம் ஓட்டப் பழக்கும் எம்சிசி. இத்தனையும் கையில் இருந்தால் யாராவது கூப்பிடுவார்கள் என்று நம்பினேன். யாரும் கூப்பிடவில்லை. நான் பார்த்த வேலை அறிவிப்புகளில் திரும்பத் திரும்ப ஒரே நிபந்தனை: இந்த விமான வகையில் 500 மணிநேரம் பறந்திருக்க வேண்டும். வேலை கிடைக்காமல் அந்த 500 மணிநேரத்தை எங்கே போய்ச் சேர்ப்பது?

சரியாக அந்த நேரத்தில்தான் பயிற்சி விற்கும் ஏற்பாட்டாளர்கள் வந்தார்கள். ஏர்பஸ் ஏ320 டைப் ரேட்டிங், பேஸ் டிரெய்னிங், பிறகு ஒரு விமான நிறுவனத்தில் 500 மணிநேர லைன் டிரெய்னிங். மூன்றும் சேர்த்து ஒரே கட்டணம். போனில் பேசியவர் மிகவும் பணிவாகப் பேசினார். "தம்பி, உங்க கஷ்டம் எனக்குத் தெரியும், நானும் இப்படித்தான் நின்னேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன்.

இந்த மூன்று கட்டங்களின் வேறுபாட்டைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். எனக்கு அது அப்போது புரிந்திருக்கவில்லை. டைப் ரேட்டிங் பயிற்சியின் பெரும்பகுதி வகுப்பிலும், தரையில் நிற்கும் மாதிரி விமான அறையான சிமுலேட்டரிலும் முடிந்துவிடும், கடைசியில் தேர்வு. ஆனால் நம்மைப் போன்ற குறைந்த மணிநேரக்காரர்களுக்கு அதோடு உரிமத்தில் ரேட்டிங் ஏறாது. பயணிகள் இல்லாத நிஜ விமானத்தை மேலெழுப்பித் தரையிறக்கிக் காட்ட வேண்டும். ஐரோப்பிய விதிப்படி வழக்கமாகக் குறைந்தது 6 முறை. அதுதான் பேஸ் டிரெய்னிங். போதிய அனுபவம் உள்ள விமானிகள் சிமுலேட்டரிலேயே இதை முடிக்க வழி உண்டு. 200 மணிநேரக்காரருக்கு அந்த வழி கிடையாது. அதற்கும் பிறகுதான் லைன் டிரெய்னிங்: பயணிகளோடு, பயிற்சி கேப்டன் பக்கத்தில் இருக்க, தொடக்கத்தில் இன்னொரு தகுதியுள்ள விமானி பின்னால் உட்கார்ந்து கவனிக்க, பறப்பது. இதை ஒரு விமான நிறுவனத்தால் மட்டுமே தர முடியும்.

எனக்கு விற்றவர்களிடம் ஒரு விமானம்கூடக் கிடையாது. சிமுலேட்டரும் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்ததுதான். பயிற்சி நிறுவனத்துக்கான அங்கீகாரமும் வேறொரு நிறுவனத்தின் பெயரில் இருந்தது. விளம்பரத்தில் ஒரு பெயர், ஒப்பந்தத்தில் ஒரு பெயர், பணம் போட்ட வங்கிக் கணக்கில் மூன்றாவதாக ஒரு பெயர். மூன்றையும் நான் பார்த்தேன். பார்த்தும் கேட்கவில்லை. வீட்டை அடமானம் வைத்து அப்பா அனுப்பிய பணம் அந்த மூன்றாவது கணக்குக்குத்தான் போனது, ஒரே தவணையில். முழுத் தொகையும் வந்தால்தான் இடம் உறுதி, இன்னும் இரண்டு இடம்தான் பாக்கி என்று அவசரப்படுத்தினார்கள்.

சிமுலேட்டர் பயிற்சியில் எனக்குக் குறை இல்லை, அதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். சொல்லிக்கொடுத்தவர் நல்ல மனிதர், ஓய்வுபெற்ற கேப்டன். எங்களுக்கு ஒதுக்கப்பட்டது இரவு 2 மணிக்கான நேரம்தான். தூக்கம் கண்ணைக் கட்டும் அந்த வேளையிலும் ஓடுபாதையில் ஓர் இன்ஜின் நின்றுபோனால் காலால் ரடரை, அதாவது வாலில் உள்ள சுக்கானை, எப்படிப் பிடிப்பது என்று பொறுமையாகத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார். தேர்வில் தேறினேன். தேர்வாளர் கைகுலுக்கிவிட்டுப் படிவத்தில் கையெழுத்திட்டார். அந்தப் படிவத்தின் கீழ்ப்பகுதியில் விமானத்தில் செய்த தரையிறக்கங்களை எழுதவேண்டிய கட்டம் காலியாக இருந்தது. "அடுத்த வாரம் அதையும் நிரப்பிடுவோம்" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

அடுத்த வாரம் அடுத்த மாதமானது. விமானம் பராமரிப்பில் இருக்கிறது என்றார்கள். பிறகு பயிற்சி கேப்டன் விடுப்பில் போய்விட்டார் என்றார்கள். பிறகு விமான நிலையத்தில் நேரம் ஒதுக்கவில்லை என்றார்கள். ஒவ்வொரு காரணமும் நம்பும்படியாகவே இருந்தது. இந்தத் துறையில் இதெல்லாம் உண்மையிலேயே நடக்கிற விஷயங்கள்தானே.

நான் காத்திருந்த நேரத்தில் ஒரு கெடு ஓடிக்கொண்டிருந்தது. ஐரோப்பிய விதியில், தேர்வில் தேறிய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் ரேட்டிங்குக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். தாண்டினால் அந்தத் தேர்வு செல்லாது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஐந்தாவது மாதத்தில் என்னோடு படித்த ஒரு பெண் விதிப்புத்தகத்தைத் தானே படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள். இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். அதைப் புதுப்பிக்க மறுபடியும் பணம்.

அன்றைக்குத்தான் லைன் டிரெய்னிங் தருவதாகச் சொல்லப்பட்ட விமான நிறுவனத்தின் பயிற்சிப் பிரிவுக்கு நேரடியாகப் போன் செய்தேன். எடுத்தவர் என் பெயரைத் தேடிப் பார்த்தார், இல்லை என்றார். அந்த ஏற்பாட்டாளர்களோடு இருந்த ஒப்பந்தத்தை நாங்கள் முடித்துக்கொண்டு வெகுநாள் ஆகிறதே என்றார். தேதியைக் கேட்டேன். நான் பணம் கட்டிய நாளுக்கு மூன்று மாதம் முந்தைய தேதி.

இந்தப் போனைப் பணம் கட்டுவதற்கு முன்னால் செய்திருக்கலாம். பத்து நிமிடம் ஆகியிருக்கும். இதை நினைத்து எத்தனையோ இரவு தூங்காமல் கிடந்திருக்கிறேன்.

ஒப்பந்தத்தை எடுத்து மறுபடி படித்தேன். எங்குமே "தருவோம்" என்று இல்லை. பேஸ் டிரெய்னிங் "விமானம் கிடைப்பதைப் பொறுத்து ஏற்பாடு செய்யப்படும்". லைன் டிரெய்னிங்குக்கு நிறுவனம் "இயன்றவரை முயற்சி செய்யும்". பணத்தைத் திருப்பித் தருவது பற்றிய பத்தி மட்டும் தெளிவாக இருந்தது: சிமுலேட்டர் பயிற்சி தொடங்கிவிட்டால் எதுவும் திரும்பக் கிடைக்காது. விமானப் போக்குவரத்து ஆணையத்துக்கு எழுதினேன். பயிற்சியின் தரத்தைத்தான் நாங்கள் மேற்பார்வையிடுகிறோம், பணத் தகராறுக்கு நீதிமன்றம் போங்கள் என்று பதில் வந்தது. போயிருக்கிறேன். வழக்கு நடக்கிறது, அதனால்தான் பெயர் எதையும் இங்கே சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். அவர்கள் சொன்னபடி அந்த 500 மணிநேரத்தைத் தந்திருந்தாலும் அது சரியான ஏற்பாடு அல்ல என்றுதான் இப்போது நினைக்கிறேன். சம்பளம் கொடுத்து ஒரு துணை விமானியை உட்கார வைக்கவேண்டிய இருக்கையில் பணம் கட்டிய ஒருவரை உட்கார வைக்கிறார்கள். 500 முடிந்ததும் அவரை எழுப்பிவிட்டு அடுத்து பணம் கட்டியவரை அழைப்பார்கள். நமக்கு நிரந்தர வேலை தர அவர்களுக்கு என்ன தேவை இருக்கிறது?

யாராவது இதே மாதிரி ஓர் ஒப்பந்தக் கடிதத்தை உங்களிடம் நீட்டினால், பேஸ் டிரெய்னிங் எந்த விமானத்தில், யாருடைய விமானத்தில், எந்த வாரத்தில் என்று எழுத்தில் கேளுங்கள். விமான நிறுவனத்தின் கடிதம் அந்த நிறுவனத்திடமிருந்தே நேராக உங்களுக்கு வரவேண்டும். இடைத்தரகர் அனுப்பும் நகல் போதாது. பயிற்சி நிறுவனத்தின் அங்கீகாரச் சான்றிதழில் நீங்கள் சேரும் பயிற்சி பெயரோடு இருக்கிறதா என்று பாருங்கள். பணத்தைக் கட்டம் கட்டமாக மட்டும் கொடுங்கள், கடைசிப் பகுதியைத் தரையிறக்கங்கள் முடிந்த பிறகு கொடுங்கள். விளம்பரத்தில் சிரிக்கும் பழைய மாணவரிடம் பேசி என்ன பயன்? போன தொகுதியில் இன்னும் காத்திருப்பவரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். அப்படி ஒருவரின் எண்ணைக் கேட்டதும் எதிரே இருப்பவரின் குரல் மாறினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

நான் இப்போது பயிற்றுநர் ரேட்டிங் எடுத்து, இரண்டு இருக்கை விமானத்தில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அமெரிக்காவில் 2013 முதல் பயணிகள் விமானத்தின் துணை விமானிக்கே பொதுவாக 1500 மணிநேரம் வேண்டும் என்பதால், அங்கே நிறையப் பேர் இப்படித்தான் மணிநேரம் சேர்க்கிறார்கள். மெதுவான வழிதான். ஆனால் ஒவ்வொரு மணிநேரத்துக்கும் எனக்குப் பணம் வருகிறது, என்னிடமிருந்து போகவில்லை.

போன வாரம் என் மாணவி ஒருத்தி போனில் ஒரு கடிதத்தைக் காட்டி, "சார், இது நல்லதா?" என்று கேட்டாள். வேறு நிறுவனம், வேறு சின்னம். இரண்டாம் பக்கத்தில் அதே "இயன்றவரை முயற்சி". தரையிறக்கத் தேதியைக் கேட்டு எழுதச் சொன்னேன். என் எதிரிலேயே உட்கார்ந்து எழுதி அனுப்பினாள். இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது, பதில் வரவில்லை. அவள் பணம் இன்னும் அவள் கணக்கில்தான் இருக்கிறது.