மாதம் 992 யூரோ உதவித்தொகை என்றார்கள். அது எங்கள் பணமே.

ஜெர்மனிக்கு எம்.எஸ். படிக்கப் பிள்ளையை அனுப்ப நினைப்பவர்கள், அதிலும் வீட்டில் முதல் ஆளாக வெளிநாடு போகப்போகிறவர்கள், தயவுசெய்து இதைக் கடைசிவரை படியுங்கள். வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்பிவைக்கும் ஒரு கன்சல்டன்சிக்கு நாங்கள் மொத்தம் 2,92,000 ரூபாய் கட்டினோம். இதுவரை ஒரு ரூபாய்கூடத் திரும்பி வரவில்லை. என் தங்கையின் ஒரு வருடமும் அதோடு போய்விட்டது. புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் அந்த கன்சல்டன்சியின் பெயரை எழுதவில்லை. எப்படி ஏமாற்றினார்கள் என்பதை மட்டும் முழுசாகச் சொல்கிறேன்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசர். அப்பா டெய்லராக இருந்தவர். பார்வை மங்கியதால் நாலு வருடமாக வீட்டில் இருக்கிறார். தங்கை கோவையில் பி.இ. மெக்கானிக்கல் முடித்தாள். நன்றாகப் படிப்பவள். இரண்டாம் வருடத்திலிருந்தே ஜெர்மன் மொழி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

2024 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவையில் ஒரு ஹோட்டல் ஹாலில் அந்த கன்சல்டன்சியின் கூட்டம் நடந்தது. அம்மா, தங்கை, நான் மூவரும் போனோம். மேடையில் பேசியவர் முதலில் சொன்னது உண்மைதான்: ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ உண்டு, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து கட்டணம் வாங்க ஆரம்பித்துவிட்டது என்பதை அவர் சொல்லவில்லை. அது போகட்டும். அடுத்து திரையில் 992 என்ற எண் பெரிதாக வந்தது.

"மாசாமாசம் 992 யூரோ உங்க பிள்ளை அக்கவுண்ட்ல வந்து விழுகுமுங்க. நம்ம காசுக்குத் தொண்ணூறாயிரம். சாப்பாடு, வாடகை எல்லாம் அதுலயே முடிஞ்சுரும். அந்த ஸ்காலர்ஷிப் ஃபைலை நாங்க பார்த்துக்கறோம்."

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பா மெஷினில் உட்கார்ந்த காலத்தில் ஒரு வருடத்தில் பார்க்காத தொகை அது.

நான் ஒன்றும் விசாரிக்காமல் பணம் கட்டவில்லை. அன்று இரவே 992 யூரோ ஸ்காலர்ஷிப் என்று தேடினேன். டிஏஏடி என்ற ஜெர்மன் கல்வி அமைப்பின் பக்கம் வந்தது. முதுகலை மாணவர்களுக்கு மாதம் 992 யூரோ என்று அதில் இருந்தது. சரி, உண்மைதான் என்று லேப்டாப்பை மூடிவிட்டேன். இன்னும் நாலு வரி கீழே போயிருந்தால், குறைந்தது இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், பட்டியலில் உள்ள குறிப்பிட்ட படிப்புகளுக்கு மட்டும்தான், போட்டியில் தேர்வாக வேண்டும் என்பதையெல்லாம் படித்திருப்பேன். அப்போதுதான் கல்லூரி முடித்த என் தங்கைக்கு அந்த உதவித்தொகை எந்த வழியிலும் கிடைத்திருக்காது. அதற்கு விண்ணப்பக் கட்டணமும் கிடையாது. இந்தத் தவறு என்னுடையது, அவளுடையது அல்ல.

நவம்பரில் பதிவுக் கட்டணம் 25,000. ஜனவரியில் ஏபிஎஸ் சான்றிதழுக்கு 32,000. நம் பட்டங்களைச் சரிபார்த்துத் தருகிற இந்தச் சான்றிதழ் 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்கு விசாவுக்குக் கட்டாயம். அதன் உண்மையான கட்டணம் 18,000. மாணவரே நேரடியாக விண்ணப்பிக்கலாம். மீதி 14,000 எதற்கு என்று கேட்டபோது "டாக்குமெண்டேஷன் சார்" என்றார்கள். அந்த இடத்திலேயே நின்றிருக்க வேண்டும்.

பிப்ரவரியில் ஸ்காலர்ஷிப் ஃபைலுக்கு 85,000. அம்மாவின் இரண்டரைப் பவுன் சங்கிலி கூட்டுறவு வங்கிக்குப் போனது. மே மாதம் ஒரு கடிதம் வந்தது. கெட்டித் தாள், தங்க நிற முத்திரை, மேலே ஏதோ ஒரு கல்வி அறக்கட்டளையின் பெயர். மாதம் 992 யூரோ வரை நிதி உதவி பெறத் தகுதி உண்டு, கணக்கு செயல்பாட்டுக்கு வந்ததும் பட்டுவாடா தொடங்கும் என்று இருந்தது. அப்பாவுக்கு எழுத்து தெரியாது, ஆனாலும் தாளைத் தடவிப் பார்த்தார். அம்மா அதைச் சாமி படத்துக்குக் கீழே வைத்தார்.

கடிதம் வந்த மூன்றாம் நாள், கவுன்சிலர் என்று அவர்கள் சொல்லும் கன்சல்டன்சி ஆலோசகர் கூப்பிட்டார். உதவித்தொகையை உறுதி செய்ய 1,50,000 வைப்புத்தொகை கட்டவேண்டும், விசா வந்ததும் திரும்பக் கிடைக்கும், நாலு நாள்தான் அவகாசம் என்றார். சீட்டைத் தள்ளி எடுத்தோம். ஜிபேயில் ஒரு நாளைக்கு ஒரு லட்சம்தான் போகும் என்பதால் இரண்டு நாளாக அனுப்பினேன். பணம் போனது கம்பெனி கணக்குக்கு இல்லை, ஒரு தனி ஆளின் கணக்குக்கு. திரையில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் பின் நம்பரைப் போட்டேன். எங்கள் கம்பெனியில் பையர் ஒருவர் இப்படிக் கணக்கு மாற்றிக் கேட்டிருந்தால் பத்து தடவை போன் செய்து உறுதிப்படுத்தியிருப்பேன்.

இந்த நாட்களில் தங்கை எந்தெந்தப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போயிருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "ப்ராசஸ்ல இருக்கும்மா" என்பார்கள். லாகின் விவரம் தரமாட்டார்கள். குளிர்கால செமஸ்டருக்குப் பல அரசுப் பல்கலைக்கழகங்களில் ஜூலை 15 கடைசி நாள். அதுவும் போனது. ஜூலை கடைசியில்தான் அட்மிஷன் லெட்டர் வந்தது. அது ஒரு தனியார் கல்லூரி. வருடக் கட்டணம் 14,000 யூரோ, அதில் 40 சதவீதம் ஸ்காலர்ஷிப் போக 8,400 கட்டவேண்டும்.

கட்டணமே இல்லாத படிப்புக்கு என்று போனவளுக்கு ஸ்காலர்ஷிப்புக்குப் பிறகு வருடம் 8,400 யூரோ. இந்த 40 சதவீதத்தை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். யாரும் யாருக்கும் பணம் தரவில்லை. விலைச் சீட்டில் 14,000 என்று எழுதி 8,400க்கு விற்கிறார்கள். தனியார் கல்லூரிகள் பலவும் சேர்த்துவிடும் ஏஜெண்டுக்குக் கமிஷன் கொடுக்கின்றன. கட்டணமில்லாத அரசுப் பல்கலைக்கழகத்தில் அந்தக் கமிஷன் கிடைக்காது. எங்கள் விண்ணப்பம் ஏன் அந்தப் பக்கமே போகவில்லை என்பதற்கு இதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

அதற்கும் மேலே ஒன்று நடந்தது. ஆகஸ்டில் எங்களை ஆபீஸுக்கு வரச்சொன்னார்கள். விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்ட் என்ற முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் 11,904 யூரோ காட்டவேண்டும், ஏறக்குறைய 12 லட்சம், உங்களால் முடியாவிட்டால் நாங்களே ஸ்பான்சர் செய்கிறோம் என்றார்கள். சர்வீஸ் சார்ஜ் 1,20,000. மாதம் இரண்டு வட்டி. அவளுடைய அசல் சான்றிதழ்களை அவர்களிடம் வைக்கவேண்டும். அவள் அங்கே போனதும் மாதாமாதம் வருகிற பணத்தை அவர்களுக்கு அனுப்பிவிடவேண்டும்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது தங்கை ஒரு வார்த்தை பேசவில்லை. அவிநாசி தாண்டியதும் போனில் கால்குலேட்டரை எடுத்துக் காட்டினாள். 11,904ஐ 12ஆல் வகுத்திருந்தாள். 992.

"அண்ணா, அது ஸ்காலர்ஷிப் இல்லண்ணா. நாம போடற பணத்தை மாசாமாசம் நமக்கே தர்றது."

இதுதான் விஷயம். ஜெர்மனியில் ஒரு வருடம் வாழ உன்னிடம் பணம் இருக்கிறதா என்று அந்த நாட்டு அரசு கேட்கிறது. 2024 செப்டம்பர் 1 முதல் அந்தத் தொகை 11,904 யூரோ. அதை முன்கூட்டியே ஒரு முடக்கப்பட்ட கணக்கில் நாம் போடவேண்டும். மாணவர் அங்கே போன பிறகு மாதம் 992 என்று அவிழ்த்து விடுவார்கள். டிஏஏடி உதவித்தொகையும் அதே 992 என்பதால்தான் நான் தேடியபோது எல்லாம் பொருந்திப் போனது. மேடையில் அவர் சொன்ன வாசகத்தைத் திரும்பப் படியுங்கள். மாசாமாசம் அக்கவுண்டில் வந்து விழும் என்றார். யாருடைய பணம் என்று சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஸ்பான்சர் திட்டம் இதைவிடக் கொடுமை. அந்தக் கணக்கிலிருந்து வரும் பணத்தை இங்கே அனுப்பிவிட்டால் அந்தப் பெண் எதைச் சாப்பிடுவாள், எங்கே தங்குவாள்? பகுதிநேர வேலை பார்க்கலாம் என்றார்கள். வெளிநாட்டு மாணவருக்கு வருடத்துக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வரை வேலை செய்ய அனுமதி உண்டு, ஆனால் அங்கே போய்ச் சேர்ந்த மாதமே வேலை கிடைக்கும் என்று யார் உத்தரவாதம் தருவது? தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கும்போதும் பணம் இருப்பதைக் காட்டவேண்டும். அப்போது மறுபடியும் இவர்களிடமே வந்து நிற்கவேண்டியதுதான். இப்படிப் போய்ச் சிக்கிக்கொண்டு, வீட்டுக்கும் சொல்ல முடியாமல் இருக்கும் பிள்ளைகளை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மறுநாள் போய்ப் பணத்தைக் கேட்டேன். ஒப்பந்தத்தின் நாலாம் பக்கத்தைப் புரட்டி, சேவைக் கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது என்ற வரியைக் காட்டினார்கள். வைப்புத்தொகை திரும்பக் கிடைக்கும் என்று சொன்னீர்களே என்றேன். விசாவுக்கே விண்ணப்பிக்காமல் எப்படிக் கிடைக்கும் என்றார்கள். உதவித்தொகைக் கடிதம் தந்த அறக்கட்டளையின் முகவரியைக் கேட்டதும் உள்ளே போன கவுன்சிலர் திரும்பி வரவேயில்லை. முதலாளி மட்டும் வெளியே வந்து, "தம்பி, பொண்ணோட ஃபியூச்சரைப் பாருங்க, பிரச்சினை பண்ணாதீங்க" என்றார்.

அதே ஆபீஸ் என் அத்தை மகனுக்கு ஜெர்மனியில் ரைஸ் இன்டர்ன்ஷிப் வாங்கித் தருவதாக 60,000 கேட்டிருந்தது. அவன் இங்கே ஈரோட்டில் இரண்டாம் வருடம் படிக்கிறான். ரைஸ் ஜெர்மனி என்பது அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து பல்கலைக்கழகங்களில் படிக்கும் இளங்கலை மாணவர்களுக்கானது. நல்லவேளையாக அவன் கட்டுவதற்கு முன் எங்களிடம் சொன்னான்.

பிறகு நாங்கள் செய்தது: 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தோம். கன்சல்டன்சி பதில் தரவில்லை. வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டு, நுகர்வோர் ஆணையங்களுக்கு ஆன்லைனில் புகார் தரும் இ-ஜாக்ரிதி தளத்தில் புகார் கொடுத்தோம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது. நாம் குடியிருக்கும் ஊரிலேயே புகார் தரலாம், கோவைக்கு அலைய வேண்டியதில்லை. இரண்டு வருடத்துக்குள் தந்துவிட வேண்டும். எங்கள் கையில் இருந்தவை ஜிபே ரசீதுகள், அந்தக் கடிதம், கவுன்சிலர் அனுப்பிய வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ்கள். 85,000 ரூபாயைக் கையில் ரொக்கமாகக் கொடுத்ததால் அதற்கு ஒரு துண்டுச் சீட்டு மட்டும்தான் இருக்கிறது. அதை நிரூபிப்பதுதான் கஷ்டம் என்று வக்கீல் சொல்கிறார்.

உண்மையான உதவிகள் இல்லாமல் இல்லை, அதையும் சொல்லவேண்டும். எஸ்.சி. மாணவர்கள் உள்ளிட்டோருக்கு மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை வருடம் 125 பேருக்கு உண்டு, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்கவேண்டும். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் இருக்கிறது. இரண்டும் எங்கள் வீட்டுக்குப் பொருந்தாது, ஆனால் உங்களுக்குப் பொருந்தலாம். ஜெர்மனியில் சேர்ந்த பிறகு டாய்ச்லாண்ட்ஸ்டிபெண்டியம் என்று மாதம் 300 யூரோ உண்டு. பாதி அந்த நாட்டு அரசும் பாதி தனியாரும் தருகிறார்கள். எந்த நாட்டு மாணவரும் அவரவர் பல்கலைக்கழகத்தில் கேட்கலாம். பதிவுக்கென்று சிறு தொகை வாங்கும் நல்ல அறக்கட்டளைகளும் உண்டு. ஆனால் உதவித்தொகையை உறுதி செய்ய முன்பணம் கட்டு என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

கல்விக் கடனுக்கு நாங்கள் முதலிலேயே வங்கிக்குப் போயிருக்கலாம். கடன் என்றால் அப்பாவுக்குப் பயம், அதனால் ஸ்காலர்ஷிப் என்ற சொல் எங்களுக்கு அவ்வளவு இனித்தது. இப்போது போனபோது மேனேஜர் அரைமணி நேரம் உட்கார வைத்துப் பேசினார். பிளாக்டு அக்கவுண்ட் தொகையையும் கடனில் சேர்க்கலாம் என்றார். ஏழரை லட்சத்துக்கு மேல் என்றால் அடமானம் வேண்டும், பெரியப்பா தன் இடத்துப் பத்திரத்தைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

தங்கை இந்த முறை தானே விண்ணப்பிக்கிறாள். ஏபிஎஸ் சான்றிதழ் ஒன்றுதான் அந்த ஆபீஸிலிருந்து உருப்படியாகக் கிடைத்தது, அது இப்போதும் செல்லும். போன வாரம், பல ஜெர்மன் பல்கலைக்கழகங்களுக்காக வெளிநாட்டு விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் தளத்தில் இரண்டு அரசுப் பல்கலைக்கழகங்களுக்குப் போட்டாள். முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்ததற்கு 30. பணம் கட்டும் முன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அம்மிணி, இது யாரு கணக்குக்குப் போகுது, பேரைப் படி" என்றார். அவள் எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினாள்.

சங்கிலிக்கு வட்டி கட்டி வருகிறோம். அடுத்த மாதம் விசாரணை இருக்கிறது.