கரும்புத் தோட்டத்தில் மினி டிராக்டர்: அகலத்தையும் எடையையும் கவனியுங்கள்

கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் தோட்டம். கரும்பு, வாழை, ஓரத்தில் தென்னை. ஐந்தாறு வருடமாக இங்கே ஓடுவது குபோட்டா நியோஸ்டார் பி2441. 24 குதிரைத்திறன், மூன்று சிலிண்டர், நான்கு சக்கர இயக்கம். பின்னால் 750 கிலோ வரை தூக்கும். மினி டிராக்டர் வாங்க நினைப்பவர்கள் எடுத்ததும் எச்.பி. எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் டேப்பை எடுத்துப் போய் உங்கள் பயிர் வரிசையை அளந்துவிடுங்கள். நான் செய்த மாற்றங்கள் பெரும்பாலும் அகலத்தையும் எடையையும் சுற்றியே இருந்தன. இன்ஜினில் கை வைக்கவே இல்லை.

மூன்றடி இடைவெளியில் பார் (கரும்பு நடும் வரிசை) பிடித்திருந்தால் இந்த வண்டி நுழையாது. சொட்டுநீர் போட்டு ஐந்தடி இடைவெளிக்கு மாறிய கரும்பில்தான் இதன் அருமை தெரியும். களை எடுப்பது, மண் அணைப்பது எல்லாம் பயிர் நெஞ்சுயரம் வரும்வரை வண்டியிலேயே நடக்கிறது. பின்சக்கர ரிம்மைத் திருப்பிப் பூட்டினால் அகலம் கூடும், குறையும். அப்படி மாற்றும்போது இடது சக்கரத்தை வலதுக்கும் வலதை இடதுக்கும் கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் டயர் பட்டன்கள் (மேலே துருத்தும் கட்டைகள்) போடும் 'வி' வடிவம் தலைகீழாகிவிடும், சேற்றில் பிடிப்பே இருக்காது.

மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் ரோட்டவேட்டர் விற்ற கடையில் நாலடி அகலம்தான் வேண்டும் என்றார்கள். நான் மூன்றரை அடிக்கே நின்றேன். சக்கரத் தடத்தை அது மூடிவிடுகிறது, இன்ஜினும் திணறுவதில்லை, இரண்டு பக்கமும் சொட்டுநீர்க் குழாய் தப்பிக்கிறது. கரும்புச் சோகை (காய்ந்த இலை) ரோட்டவேட்டர் ஷாஃப்ட்டில் சுற்றி ஆயில் சீலைத் தின்றுவிடும். லேத் பட்டறையில் சொல்லி இரண்டு முனையிலும் வளையத் தகடு வைத்து வெல்டிங் அடித்தபின் அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது. சோகைத் தூசி ரேடியேட்டரையும் அடைக்கும். முன்னால் மெல்லிய கம்பி வலை ஒன்று மாட்டி, வேலை முடிந்ததும் தட்டிவிட்டாலே போதும்.

அடுத்தது எடை. ரோட்டவேட்டரைத் தூக்கியதும் முன்பக்கம் லேசாகிறது, ஸ்டியரிங் பிடிப்பு குறைகிறது. வரப்பு ஏறும்போது அது ஆபத்து. அதனால் முன்னால் எடைத் தகடுகள் மாட்டியிருக்கிறேன். கோடையில் பின் டயரில் தண்ணீர் நிரப்புவேன். வால்வை உச்சிக்கு வைத்து நிரப்பினால் முக்கால் பங்கு தண்ணீர், மேலே காற்று. மழைக்காலத்தில் எடுத்துவிடுவேன், ஈர மண்ணை அந்த எடை இறுக்கிவிடும்.

சிலர் தோற்றத்துக்காகவும் உயரத்துக்காகவும் பின்னால் மட்டும் பெரிய டயர் போடுகிறார்கள். நான்கு சக்கர இயக்கத்தில் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். முன்சக்கரமும் பின்சக்கரமும் சுற்றும் கணக்கு ஒன்றோடொன்று பொருந்தியிருக்கிறது. ஒன்றை மாற்றினால் கியர்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே ஓடும். தார் ரோட்டில் போகும்போது முன் இயக்கத்தை விடுவிக்கச் சொல்வதும் டயரும் கியரும் வீணாகத் தேயாமல் இருக்கத்தான்.

எனக்கு அதிகம் மிச்சம் பிடித்துத் தந்தது இரண்டு வேக பி.டி.ஓ., அதாவது இன்ஜின் சக்தியைப் பின்னால் மாட்டும் கருவிக்குக் கொடுக்கும் சுழல் தண்டு. இன்ஜின் நிமிடத்துக்கு 2,500 சுற்று வாக்கில் ஓடினால் ஒரு வேகம் 540 சுற்றும், மற்றொன்று 980 சுற்றும் தருகிறது. வாழைக்கு மருந்தடிக்க எச்.டி.பி. என்கிற உயர் அழுத்தப் பம்பை இரும்புச் சட்டத்தில் வைத்து, மேலே 200 லிட்டர் டிரம் ஏற்றிக்கொண்டேன். பம்புக்கு வேண்டிய சக்தி கொஞ்சம்தான். 980-இல் போட்டு இன்ஜினை 1,400-க்கு இறக்கினாலே பி.டி.ஓ. 540-ஐத் தொட்டுவிடும். சத்தம் குறைவு, டீசலும் குறைவு. ரோட்டவேட்டருக்கு இது சரிவராது, அதற்கு 540-இல் முழு வேகம்தான்.

பி.டி.ஓ. ஷாஃப்ட்டின் பிளாஸ்டிக் மூடியைப் பலர் தொந்தரவு என்று கழற்றி எறிகிறார்கள். 540 சுற்று என்றால் நொடிக்கு ஒன்பது சுற்று. துண்டின் நுனி மாட்டினாலும் ஆளை இழுத்துவிடும். என் வண்டியில் அந்த மூடி உடைந்தால் வேறு மாட்டாமல் வேலை தொடங்காது. அதேபோல மரத்துண்டை இழுக்கச் சங்கிலியைக் கருவி மாட்டும் மேல் இணைப்பில் (டாப் லிங்க்) கட்டாதீர்கள். வண்டி பின்புறமாகக் கவிழும். கீழே இருக்கும் இழுவைச் சட்டத்தில் மட்டும் கட்டுங்கள்.

தென்னைக்கு அடியில் வேலை சுலபம். தூரிலிருந்து ஆறடிக்குள் மட்டும் ரோட்டவேட்டரை இறக்குவதில்லை, உணவெடுக்கும் வேர்கள் பெரும்பாலும் அங்கேதான்.

கோடை உழவுக்கு இந்த வண்டியை நம்பவேண்டாம். காய்ந்த செம்மண்ணில் அஞ்சு கலப்பையை (ஐந்து கொழு உள்ளது) இழுக்கும், ஆனால் ஆழம் போகாது. ரோட்டவேட்டரையே ஓட்டிக்கொண்டிருந்தால் அது போகும் ஆழத்துக்குக் கீழே மண் கெட்டியாகி, தண்ணீர் இறங்க மறுக்கும். அதனால் கரும்புக் கட்டையைக் கிளப்பும் வருடத்தில் 50 எச்.பி. வண்டியை வாடகைக்குக் கூப்பிட்டு ஆழ உழுதுவிடுகிறேன். அப்புறம் பார் பிடிப்பதிலிருந்து அடுத்த வேலைகளை மினி டிராக்டர் எடுத்துக்கொள்கிறது. புதிதாகக் கருவி வாங்குபவர்கள், பில் போடுவதற்கு முன்பே வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் மானியம் பற்றிக் கேட்டுவிடுங்கள். இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் 50 விழுக்காடு, மற்றவர்களுக்கு 40 விழுக்காடு. இரண்டுக்கும் உச்சவரம்பு உண்டு.